இரண்டு முனையும் தீட்டிய டங்ஸ்டன்

எங்கள் பழைய கம்பெனி வெல்டர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் காலை வணக்கமும் பூப்படமும்தான் வரும். போன மாதம் ஷிபு என்கிற வெல்டர் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தான்.

"ஞானம் அண்ணே, சிவப்பு டங்ஸ்டன் இனிமே ஸ்டோர்ல வராதாம். நீலம், தங்கம், சாம்பல்னு மூணு காட்டுறாங்க. எந்த வேலைக்கு எதை எடுக்கணும்? நீங்க சொன்னா மதி, வேற யாரும் வேண்டாம்."

என்னிடமும் ஒரு கேள்வி கேட்க ஆள் இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டத்தில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள். பேரப்பிள்ளைகள் மலையாளத்தில் என்னோடு நாலு வார்த்தை பேசிவிட்டு செல்போனுக்குள் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் கரமனை வாடகை வீட்டில் நானும் டிவியும்தான். ஆகவே உட்கார்ந்து பெரிய பதிலாகவே தட்டினேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக் வெல்டிங்கில் டார்ச்சின் மூக்கில் ஒரு டங்ஸ்டன் குச்சி இருக்கும். பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சியின் பருமன். அதன் முனையிலிருந்துதான் ஆர்க் என்கிற மின்சுடர் பாயும். எதிரே இருக்கும் உலோகம் உருக வேண்டும், டங்ஸ்டன் உருகக் கூடாது. எல்லாக் குச்சியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்வது ஒரு முனையில் பூசியிருக்கும் நிறம் மட்டுமே.

ஷிபுவுக்கு இப்படி எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு நீலத்தை எடு, ஸ்டீலுக்கும் ஆகும், புது மெஷினில் அலுமினியத்துக்கும் ஆகும். தங்கம் அதன் தம்பி. மெல்லிய தகடு, குறைந்த கரண்ட் என்றால் சாம்பல். பச்சை என்பது கலப்பில்லாத டங்ஸ்டன், பழைய ஏசி கரண்ட் மெஷினில் அலுமினியத்துக்கு மட்டும்தான். அங்கே அதன் முனை முத்துப்போல உருண்டு நிற்கும். அதையே கூராகத் தீட்டி ஸ்டீலுக்கு டிசியில் கொடுத்தால் முனை தாங்காமல் உருகிச் சிதறும். சிவப்பில் தோரியம் இருக்கிறது, நம் கடற்கரை மணலில் இருக்கிறதே அதேதான். தீட்டுகிற தூள் மூச்சில் போனால் கேடு, அது ஒழிந்தது நல்லதுதான். எதை எடுத்தாலும் நீளவாக்கில் தீட்டு. நிறம் பூசிய முனையை ஒருபோதும் தீட்டாதே.

"அது ஏன் அண்ணே? ரெண்டு பக்கமும் தீட்டி வச்சா, ஒரு முனை போனதும் திருப்பிப் போட்டுக்கலாமே. கிரைண்டருக்கு நடக்கிற நடை மிச்சம்" என்று ஷிபு கேட்டான்.

அதற்கு மட்டும் என்னால் பதில் எழுத முடியவில்லை. எழுதி அழித்தேன், மறுபடி எழுதி அழித்தேன். குழுவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் பழம்புளியின் நிறத்தில் தெரியும். பாறசாலையில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இது தெரிந்துவிட்டது. வரைபடத்தில் நான் வண்ணமடித்த லட்சணத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். ஐடிஐ படித்தேன், இரண்டு வருஷம் அப்ரன்டிஸாக இருந்தேன், யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கும் தெரியாது. தக்காளி வாங்கி வந்தால் பாதி காயாக இருக்கும். "காயையும் பழத்தையும் பார்த்து எடுக்கத் துப்பில்லாத மனுஷன்" என்பாள். சிரித்துக்கொள்வேன். அவள் கடைசிவரை என்னைத் துப்பில்லாதவன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்தால் இப்போது மனசுக்கு வலிக்கிறது.

கம்பெனி நகரத்தின் ஓரத்தில் ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது. அழுத்தம் தாங்கும் ஸ்டெயின்லெஸ் டேங்குகள் செய்வோம். வேலைக்குச் சேர்ந்தபோது கண் பரிசோதனை வைத்தார்கள். புள்ளிப் புள்ளியாக நிறம் தெளித்த ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். எனக்குப் புள்ளிதான் தெரியும், எண் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் முருகேசன். வித்துராவுக்கு மேலே போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவன். ஒரு மலைச்சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அறைக்குள் அவன் எண்களை வாசித்தது வெளியே நின்ற எனக்கு அட்சரசுத்தமாகக் கேட்டது. அதையே வரிசை மாறாமல் நானும் ஒப்பித்தேன். வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து முருகேசன்தான் எனக்குக் கூட்டு. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் வெல்டிங் செய்தோம். மதியம் கம்பிரஸர் அறைக்குப் பின்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் கொண்டுவரும் மரச்சீனியில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், பாதி எனக்கு, என் மீன்குழம்பில் பாதி அவனுக்கு. அவன் கை ஆடாத கை. டார்ச்சைப் பிடித்தான் என்றால் சுவரில் ஆணியடித்ததுபோல நிற்கும். நான் அவனைவிட ஒரு விஷயத்தில் மட்டும் கெட்டிக்காரன். டங்ஸ்டன் தீட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் அவனுக்கு ஐந்து, எனக்கு ஐந்து என்று நானே தீட்டி வைத்துவிடுவேன்.

நிறத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஸ்டோரில் பாக்கெட் கொடுக்கும்போது அதில் எழுத்து இருக்கும். எழுத்தைப் படித்து, சிவப்பைத் தட்டை டப்பாவிலும் பச்சையை உருண்டை டப்பாவிலும் போட்டு வைப்பேன். அதற்குமேல் கண்ணுக்கு வேலையில்லை. அப்புறம் இரண்டு முனையையும் தீட்டிவிடுவேன். அப்படிச் செய்யக் கூடாது என்று விதி. ஆனால் நடை மிச்சம் என்று எல்லாரும் செய்ததுதான். எனக்கு அதில் வேறொரு லாபமும் இருந்தது. நிறத்தை அரைத்துவிட்டால் எல்லாருக்கும் என் கண்தான். யாருக்கும் எது எதுவென்று தெரியாது. இந்த வழக்கத்தைப் பிறருக்குப் பழக்கிவிட்டவனே நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைக் கண்டால் பிடிக்காத ஒரே மனிதர் மணி சார். தரப் பரிசோதனைக்கு அவர்தான் பொறுப்பு. வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். மடித்துவிடாத முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. என் மேசையில் தீட்டிய குச்சியைப் பார்த்தால் விரலில் உருட்டிக்கொண்டே கேட்பார். "ஏண்டாப்பா, இதோட பேரை அழிச்சு வெச்சிருக்கியே. நாளைக்கு இது யாருன்னு கேட்டா எவன் சொல்லுவான்?" சத்தம் போட மாட்டார். எழுதிப் புகாரும் கொடுக்க மாட்டார். குச்சியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்.

டேங்கில் முக்கியமான ஜாயின்டை எல்லாம் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வாசிப்பதில் மணி சாருக்கு ஒரு முறை உண்டு. தப்பு இருந்தால் அவராகச் சொல்ல மாட்டார். வெல்டரைக் கூப்பிடுவார். விளக்குப் பெட்டி இருக்கும் இருட்டறையில் தனக்குப் பக்கத்தில் அதே உயர ஸ்டூலில் உட்கார வைப்பார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து ஃபிலிமை மாட்டுவார். பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுப்பார். "நிதானமாப் பாரு. என்ன தெரியறதுன்னு நீயே சொல்லு" என்பார். அப்புறம் பேச்சே இருக்காது. செய்தவன் தன் தப்பைத் தானே வாசிக்கும்வரை காத்திருப்பார். திட்டு வாங்கிவிட்டுப் போவது அதைவிட எவ்வளவோ சுகம். ஓட்டை விழுந்திருந்தால் ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும். டங்ஸ்டன் உள்ளே விழுந்திருந்தால் வெள்ளையாகத் தெரியும்.

ஒரு வாரம் அலுமினியப் பகுதியில் ஆள் குறைவு என்று என்னை இரண்டு நாள் அங்கே அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மிச்சமிருந்த பச்சைக் குச்சிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மேசையில் அவற்றைக் கொட்டினேன். அங்கே ஏற்கெனவே டப்பாவில் போடாத சிவப்புக் குச்சிகள் கிடந்தன. அதைப் பார்த்தது கொட்டிய பிறகுதான். இரண்டும் கலந்துவிட்டன. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். எல்லாம் புளி. பேச்சுவாக்கில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வது என் வழக்கம். அன்று பக்கத்தில் யாருமில்லை. ஏசி மெஷினில் போட்டுப் பார்த்தால் முனை உருளுகிறதா என்று தெரிந்துவிடும், அந்த மெஷினில் வேறொருவன் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு டேங்க் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. நானாக ஒரு குத்துமதிப்பில் பிரித்தேன். சிவப்பு என்று நினைத்ததில் ஐந்தை எடுத்து இரண்டு பக்கமும் தீட்டி முருகேசனிடம் கொடுத்தேன். எனக்கு முந்தின லாட்டில் தீட்டியது மிச்சம் இருந்தது.

பத்து மணிவாக்கில் முருகேசன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எடா ஞானம், இன்னைக்கு முனை நிக்கவே இல்ல கேட்டோ. கை தாழுதோ என்னமோ."

காலையில் பிரித்த குத்துமதிப்பு நினைவுக்கு வந்தது. இருந்தாலும் சொன்னேன். "ஆர்கான் கேஸைக் கொஞ்சம் கூட்டி நோக்கு."

"கூட்டியாச்சு. கைதான் போல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் ஃபிலிம் வந்தது. மணி சார் எங்கள் இருவரையும் இருட்டறைக்குக் கூப்பிட்டார். முருகேசன் ஸ்டூலில் உட்கார்ந்தான், நான் பின்னால் நின்றேன்.

"என்ன தெரியறது?"

"வெள்ளைப் புள்ளி சார். இங்கேருந்து இது வரைக்கும் ஒருபாடு இருக்கு."

"எப்படி வந்தது?"

முருகேசன் வெகுநேரம் பார்த்தான். "என் கை தாழ்ந்து டங்ஸ்டன் தட்டியிருக்கும் சார்" என்றான்.

"தட்டினா ஒரு இடத்துல ஒரு துண்டு விழும். இது ரவை தூவினாப்போல இருக்கே." மணி சார் என் பக்கம் திரும்பினார். "எலெக்ட்ரோடு தீட்டினது நீதானே? என்ன நிறம்?"

"சிவப்பு சார்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"ஒண்ணு எடுத்துண்டு வா, பார்ப்போம்."

மேசைக்குப் போனேன். முருகேசனுக்குக் கொடுத்ததில் அவன் திருப்பி வைத்த மிச்சம் இரண்டு அங்கே கிடந்தன. நான் பயன்படுத்தி வந்த பழைய லாட் குச்சிகளும் பக்கத்தில் கிடந்தன. என் கை பழைய லாட்டைத்தான் எடுத்தது. யோசித்துத்தான் எடுத்தது. மணி சார் அதை ஏசியில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முனை உருளவில்லை. சிவப்பின் குணம் அது. நான் நல்லவனாகிவிட்டேன்.

மணி சார் அப்போதும் திருப்திப்படவில்லை. "ஞானம், நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் எத்தனை நேரம் காத்திருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இல்லை சார்" என்றேன். அன்று சாயங்காலம் ஆள் ஒழிந்த பிறகு அந்த மிச்சம் இரண்டையும் ஏசியில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் அழகாக முத்துப்போல உருண்டன. கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கண் பரிசோதனையில் ஏமாற்றியது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானதா என்றுகூட நான் யாரையும் கேட்டதில்லை.

முருகேசன் மறுபடி டெஸ்ட் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதுவது என்றால் பேனாவால் அல்ல, குழாயில் வெல்டிங் செய்து காட்ட வேண்டும். அவனுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அன்று சீல் உடைக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்து, என் ஆயுளிலேயே நல்ல முனைகளாகத் தீட்டிக் கொடுத்தேன். பாதிக் குழாய் வரை போனான். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பதினோரு வருஷத்தில் நான் பார்க்காத நடுக்கம். டார்ச்சைத் தானே கீழே வைத்துவிட்டு, "மதி சார், போதும்" என்றான். மணி சார் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னார். அவன் கேட்கவில்லை. கிரைண்டிங் பகுதியில் மூன்று மாதம் இருந்தான். பிறகு விட்டுவிட்டு வித்துராவுக்குப் போனான்.

அந்த மூன்று மாதமும் நான் பெஞ்சுக்குப் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால் முடியவில்லை. ஸ்டோர் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டேன். முதல் சில நாள் அவன் கிழங்கைப் பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கடைசி நாளன்று அவனாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் கை பொன்னு கையாக்கும். நோக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நான் யாரோடும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. முகமூடிக்குள் இருக்கும்வரை நிம்மதி, தூக்கினால் தனிமை. ஆட்கள் என்னைக் கர்வி என்றார்கள். மணி சார் ஓய்வு பெற்றார், சில வருஷத்தில் காலமானார். எனக்கு வேலை முடிய இரண்டு வருஷம் இருக்கும்போது ஸ்டோரில் முதல்முறையாக நீல முனைக் குச்சி வந்தது. பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீலம் எனக்கு நீலமாகவே தெரிந்தது. யாரையும் கேட்காமல், எழுத்தைப் படிக்காமல், அது என்னவென்று தெரிந்தது. ஸ்டோர்க்காரர் பார்க்காத பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஷிபுவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நாலு நாள் உழன்றேன். ஐந்தாம் நாள் காலையில் நெடுமங்காடு வழியாக வித்துராவுக்கு பஸ் ஏறினேன். சந்தையில் கேட்டதும் சொன்னார்கள். முருகேசன் கோழித்தீவனக் கடை வைத்திருந்தான். பின்னாலேயே வீடு. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஞானமா? வா, இரி. சரோஜா, யாரு வந்திருக்கான்னு பாரு. ஒரு சாயா போடு."

சாயா வரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. நிறம் தெரியாததில் தொடங்கி, மேசையிலிருந்து வேறு குச்சி எடுத்துக் கொடுத்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ அன்னைக்கு என் கை தாழல?"

"தாழல."

"ஒரு தடவைகூட?"

"இல்லடே. உன் கைக்கு ஒண்ணுமில்ல. நான் தந்ததுதான் பச்சை."

சரோஜா சாயாவோடு வாசலில் நின்றிருந்தாள். முருகேசன் அவள் பக்கம் திரும்பி, "கேட்டியா, என் கை தாழலையாம்" என்றான். அவள் டம்ளர்களை மேசையில் வைத்தாள். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்கு நான் தகுந்தவன்தான்.

தீவனம் வாங்க ஒருவர் வந்தார். முருகேசன் எழுந்து நிறுத்துக் கட்டிக் கொடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நான் அப்போ கோவிச்சுக்கிட்டது டெஸ்ட் போனதுக்கில்ல. நீ பெஞ்சுக்கு வராம இருந்தே பாரு. கை கெட்டவன்கூட உக்கார உனக்கும் குறைச்சலாப் போச்சுன்னு நெனச்சேன். உனக்கே அப்படித் தோணிச்சுன்னா நெசமாவே கெட்டுதான் போச்சுன்னு நெனச்சேன்."

சாயா டம்ளரை அவன் என் பக்கம் நகர்த்தினான்.

"கலர் தெரியாதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"வேலை போயிரும்னு பயம்."

"எனக்குத் தெரிஞ்சா எப்படிடா வேலை போகும்? காலையில ஒரு தடவை சிவப்பு, பச்சைன்னு சொல்லணும். அவ்வளவுதானே? தெனமும் சொல்லியிருப்பேனே."

சாயா ஆறிப்போயிருந்தது, குடித்தேன். கிளம்பினேன். வீட்டுப் பக்கத்துக் கேட் வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம் என்று கூடவே வந்தான். கேட்டின் கீல் உடைந்து எப்போதோ வெல்டிங் செய்திருந்தது. கட்டி கட்டியாக, ஒரு பக்கம் சாய்ந்து, அசிங்கமான வேலை. என் கண் அதில் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

"நாலு வருஷம் முன்னால ஒடஞ்சது. கவலையிலேருந்து ஆளைக் கூப்பிட்டுப் பண்ணினது" என்றான்.

கவலை என்பது வித்துராவில் நாற்சந்திக்கு அவர்கள் சொல்லும் பேர். நான் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டேன். அவன் மறுபடி வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது முருகேசன் இன்னும் அங்கேயே குனிந்து நின்று, அந்த வெல்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இதை நானே பண்ணியிருக்கலாம்" என்றான். அந்தக் குரல் இப்போதும் ரோடு வரை கேட்டது. என்னிடம் சொன்னதல்ல அது.